பெருங்காய டப்பாவும் நாச்சம்மை ஆச்சியும்

நாச்சம்மை ஆச்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, நான் பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். அழுதேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. ஆச்சியை நினைத்தால் நம்மில் யாருக்குத்தான் வராது?

காரைக்குடிப் பள்ளியில் அவர் வேதியியல், நான் தமிழ். உடம்பு இளைக்கவென்று இரவில் சப்பாத்திக்கு மாறினார். இளைத்ததோ இல்லையோ, வயிறு உப்பியது, பேதி படுத்தியது, முழங்கைகளில் அரிப்போடு கொப்புளங்கள் கிளம்பின. ஒட்டுவாரொட்டி என்று ஓர் உறவுக்காரர் கிளப்பிவிட, ஆச்சி முழுக்கை ரவிக்கைக்கு மாறிவிட்டார். “மக கல்யாணத்துல என் கையால பரிமாற முடியாமப் போயிருமோடி?” என்று அவர் கேட்டபோது, அந்த மனிதர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோல் மருத்துவர் சோதனைகள் செய்து பார்த்தார். “இது யாருக்கும் ஒட்டாதும்மா. கோதுமையில இருக்க குளூட்டன் உங்க குடலுக்கு ஆகல. அதுதான் தோல்லயும் காட்டுது” என்றார். ஆச்சி அன்றே சப்பாத்தியை விட்டார். பரோட்டாவை விடவில்லை!

“அது மைதாவுலடி போடுறாக. கோதுமைய யாரு தின்னா?”

“மைதாவும் கோதுமைதான் ஆச்சி. நீங்க வேதியியல் டீச்சர்!”

“அடிப்பாவி! இதத் தின்னு முடிச்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?”

பரோட்டாவும் போனது. வயிறு பாதி அடங்கியது. அரிப்பு மட்டும் போகவில்லை. ஒருநாள் ரசப்பொடி அரைக்கப் பெருங்காயம் வாங்கி வந்தவர், ஆசிரியர் அறையில் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “ஆத்தாடி! இங்குட்டு ஒளிஞ்சிருக்கான் பாரு, கோதுமை மாவு!” என்று அவர் போட்ட கூச்சலில் தலைமையாசிரியர் ஓடி வந்தார். மருந்தும் சாப்பிட்டு, பெருங்காயத்தையும் நிறுத்திய பிறகு, தோல் மெல்ல மெல்ல ஆறியது.

கல்யாணத்தன்று அரைக்கை ரவிக்கையில் வெள்ளைப் பணியாரம் பரிமாறினார். அந்த உறவுக்காரரைத் தேடிப் போய், “இன்னொன்னு வைக்கவா? ஒட்டாது, சும்மா சாப்பிடுங்க” என்றார். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மூன்று பணியாரம் சாப்பிட்டார்.

ஆச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். பள்ளியில் அவருக்காக நாம் கூடிய அன்றும், ரசம் ஊற்ற வந்த சமையல்காரரிடம் அது தன்னால் வாயில் வந்துவிட்டது.

“காயம் போட்டிருக்கீகளா?”

“ஆச்சி பேரால வச்ச ரசத்துல போடுவேனா?” என்றார் அவர்.

இரண்டு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தேன்.