ஒரே பேர், ஒரே வருஷம்

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்களில், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையை அலங்காரம் இல்லாத வெறும் எழுத்தாக அடித்துக் கொடுத்தால், தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு என்று பிரித்துப் பக்கமாக்கித் தரும். மேற்கோள்தான் பாக்கி. சதுர அடைப்புக்குள் ஒரு குறிச்சொல் போட்டால் அந்த இடத்தில் சொன்னவர் பெயரும் வருஷமும் வர வேண்டும்; முழு விவரம் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் சேர வேண்டும்.

எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. கீழேயிருந்து சித்தப்பா கத்துவார்.

"படிச்சவனே மேல பூந்துக்கினா ஒதுக்கீடு யாருக்குடா? எறங்கி வந்து ரோட்ல ஒக்காரு."

சில நாள் போய் உட்கார்ந்தேன். அந்த வாரம் போகவில்லை. கல்லூரியில் எனக்கு மூத்தவரான அக்கா ஒருவர், கல்வராயன் மலைக்காரர், என் புரோகிராமை நம்பித் தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். காட்டை ஒட்டிய கொல்லைகளை மலைக் குடும்பங்கள் எவ்வளவு காலமாக உழுகின்றன என்பது ஆய்வு. புத்தகச் சான்று கம்மி; ஆட்கள் வாயால் சொன்னதுதான் சான்று. யார் சொன்னது என்று காட்டாவிட்டால் ஏற்க முடியாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பஸ் ஓடாததால் யாருடைய பைக்கிலோ அக்கா வந்து இறங்கினார். முதல் பிரிண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா தம்பி, எங்க ஜனத்த 'அ, ஆ, இ'ன்னு வரிசைல நிக்க வெச்சிக்கிற?"

ஒரே பெயரும் ஒரே வருஷமும் வந்தால் வருஷத்தின் பின்னால் ஓர் எழுத்துச் சேரும்படி செய்திருந்தேன். புத்தகங்களுக்கு அது போதும். அக்கா ஊரிலோ எல்லா வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே சாமி பேர்தான்; அக்கா அவர்களைக் கேட்டு எழுதியதும் ஒரே வருஷம்.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா பாதி ஊரு திரும்பும். பாறமேட்டாரு, சுனையடியாருன்னு வூடு இருக்கிற எடத்தச் சொல்லிதான் கூப்புடுவோம். அதுக்கு ஒரு எடம் வெய்யி."

வைத்தேன். அடுத்த பிரிண்ட் சுத்தமாக வந்தது. பாறைமேட்டார் சொன்னதை அக்கா விரல் வைத்து வாசித்தார்: சுனைக்கு மேற்கே உள்ள கொல்லை அப்பன் காலத்திலிருந்து உழுதது, பட்டா கிடையாது. கீழே அவர் பெயர், ஊர், வீடு இருக்கும் இடம். அக்கா தாளைக் கீழே வைத்தார்.

"இத வெச்சிக்கினு பாரஸ்ட்காரன் நேரா அவரு வூட்டுக்கே போயிடுவான் இல்ல?"

தேடிப் போகிறவரைச் சொன்னவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மேற்கோளின் வேலை. அதை ஒழுங்காகச் செய்திருந்தேன். அந்தக் கொல்லை போனால் அவருக்குச் சாமையும் இல்லை, தினையும் இல்லை.

இன்னொரு குறி சேர்த்தேன். அதைப் போட்டால் பெயரும் இடமும் மறைந்து, 'மலைக்காரர் ஒருவர்' என்று மட்டும் அச்சாகும். பேராசிரியர் ஒத்துக்கொள்வாரோ என்னவோ, முதலில் பாறைமேட்டாரையே கேட்டுவிடுகிறேன் என்று அக்கா மலையேறினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

"'ஒருவர்னா யாரு? எவனோ சொன்னான்னு போட்டா நாளைக்கு எவன் வேணா எங்கொல்லையத் தன்துன்னு சொல்லலாம். எம்பேரு, என் வூடு ரெண்டும் போடு'ங்கிறாரு."

"ஆபத்துன்னு சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். 'பயந்துக்கினே இருந்ததாலதான் தாள்ல இல்லாம பூட்டோம்'ன்றாரு."

அந்த வரியிலிருந்து மறைக்கும் குறியை எடுத்தேன். பெயரும் வீடும் மறுபடி வந்தன. அக்கா சரிபார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கச்சிராயபாளையம் ரோட்டில் காட்டிலாகா ஜீப் மலையிலிருந்து இறங்கி வந்தால், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நின்று பார்க்கிறேன்.