எத்தனை உழவு மழை

மேல்சித்தாமூர் அனந்தி செஞ்சியில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு நிம்மதி ஏது?

உலகத்து விஞ்ஞானிகள் கூடி, சில வருடங்களுக்கு ஒரு தடவை காலநிலையைப் பற்றிக் கனத்த அறிக்கை ஒன்று போடுகிறார்கள். நாடுகளின் பிரதிநிதிகள் வரிக்கு வரி மல்லுக்கட்டி ஒப்புக்கொண்ட பிறகு வருவது அதன் சுருக்கம். அதை அனந்தி தானாகவே தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கவரம் டீக்கடையில் படித்துச் சொல்வாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சிலர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

விடாமல் வந்து கேட்டவர் கலியபெருமாள். மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. சராசரி மழை பத்து சதவீதம் கூடலாம் என்ற இடத்தில் அவர் குறுக்கிட்டார்.

"சதவீதம்லாம் வேணாம் டீச்சரம்மா. எத்தினி உழவுன்னு சொல்லு."

இந்தப் பக்கத்தில் மழையை அளப்பது அப்படித்தான். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. ஓடிப்போன தண்ணீர் கணக்கில் வராது. மண்ணுக்குள் இறங்கியதுதான் மழை. அனந்தி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு உழவு கூடுதலா பெய்யும்ணா."

அறிக்கையில் உழவு இல்லை. மழை எந்த மாதத்தில், எத்தனை நாளில் பெய்யும் என்பதும் சிங்கவரத்துக்கென்று இல்லை. இல்லாததைத் தன் வாயால் இட்டு நிரப்பிவிட்டோம் என்பது அவளுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

கலியபெருமாள் அந்த இரண்டு உழவை நம்பினார். கிணறு தூர்வாரும் யோசனையை விட்டுவிட்டு, பக்கத்து மேட்டு நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்து விதைத்தார். ஆடியில் முளைத்தது, ஆவணியில் காய்ந்தது. பூத்த செடி காய் பிடிக்க மண்ணுக்குள் விழுது இறக்க ஈரமில்லாமல் கருகி நின்றது. பொக்குக் காயைப் பிடுங்கிப் போட்ட பிறகு, கார்த்திகைப் புயல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்து, ஏரிக்கரையை உடைத்து, மேட்டு நிலத்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. காய்ந்தும் கெடுத்தது, பேய்ந்தும் கெடுத்தது.

வருடக் கணக்குப் பார்த்தால் சராசரிக்கு மேலேயே மழை. அறிக்கை பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

"அந்த ரெண்டு உழவு எங்க டீச்சரம்மா போச்சு?" என்று கலியபெருமாளின் மனைவி பவுனம்மாள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாசியில் அந்த அறிக்கைக் குழு, தன்னை எப்படித் திருத்திக்கொள்வது என்று உலகெங்கும் கருத்துக் கேட்டது. அனந்தி எழுதிப் போட்டாள். இணையக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கூட்டம் தொடங்கும்போது இங்கே பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜைனக் குடும்பம். அதற்கு முன்பும் பதற்றத்தில் எதுவும் இறங்கவில்லை. வெறும் வயிற்றோடு உட்கார்ந்தாள். பெரிய புத்தகம் ஒன்று போடுவதா, சின்னச் சின்னதாகப் பல போடுவதா என்று மற்றவர்கள் வெகுநேரம் வாதாடினார்கள்.

அவள் முறை வந்தது. எங்கள் ஊரில் மண்ணுக்குள் இறங்கியதைத்தான் மழை என்போம் என்றாள். வருடா வருடம், வட்டாரத்துக்கு ஒன்றாக, விதைக்கிறவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள் என்றபோது குரல் உடைந்தது.

கூட்டத்தை நடத்திய அம்மாள் நெகிழ்ந்து நன்றி சொன்னார். உழவு அளவைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரை இருந்தால் அனுப்புங்கள், அடுத்த சுற்றில் பரிசீலிக்கலாம் என்றார். அடுத்த சுற்று அறிக்கை எப்போது முடியும் என்பதில் நாடுகளுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. நல்ல மனுஷி, மனசில் கல்மிஷம் இல்லை. அதனால்தான் அனந்திக்கு அழுகை வந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்றே!

ஆடி பிறந்தது. ஒரு காலையில் கலியபெருமாள் பள்ளி வாசலில் நின்றார். மல்லாட்டை ஓடு உடைத்து உடைத்துக் கட்டைவிரல் வெடித்திருந்தது.

"விதைக்காய் உடைச்சிட்டேன் டீச்சரம்மா. இந்த வாட்டி எத்தினி உழவு?"

உடைத்த பருப்பை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, முளைப்பு கெட்டுவிடும்.

"எனக்குத் தெரியாதுண்ணா. போன வாட்டியும் தெரியாமத்தான் சொன்னேன். நம்ம ஊருக்குன்னு அந்தப் புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்தார்.

"என் மேட்டு நெலம் போச்சேன்னு மனசு ஒடிஞ்சி பேசுற. ஒலகத்துல படிச்சவன் அத்தினி பேரும் ஒண்ணா குந்தி எழுதுறான்ற. எப்ப வெதைக்கணும்னு எழுதாமயா வுட்டிருப்பான்?"

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடினார்கள். கலியபெருமாள் துண்டை உதறிப் போட்டு, வேப்பமரத்து நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போயி அந்தப் புஸ்தகத்த நல்லாப் பாத்துட்டு வாம்மா. நான் இங்கியே இருக்கிறேன்."