சுமதியின் கிறிஸ்துமஸ் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போயிருந்தோம். கொழுந்தன் வீடு. போனது மதியச் சாப்பாட்டுக்கு. முகப்பேருக்குத் திரும்பும்போது கொண்டு வந்தது வயிற்றெரிச்சல்.

நான் மொபைலில் ரயில் கேம் ஆடுவதைப் பற்றி இங்கே முன்பே புலம்பியிருக்கிறேன். விதவிதமான பெட்டிகளைச் சேர்த்து சொந்த ரயில் ஓட்டும் விளையாட்டு. டிசம்பரில் மட்டும் ஒரு கிறிஸ்துமஸ் பெட்டி வரும். சிவப்பு நிறம், கூரையெல்லாம் பனி, ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திரம்... தினமும் தருகிற பரிசுப் பார்சலில் அது இருந்தால் அதிர்ஷ்டம். மாதம் முழுக்கப் பிரித்தேன். எனக்கு வந்ததெல்லாம் நிலக்கரி வேகன்.

சுமதி என் ஓரகத்தி. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில்தான் கேமில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே நான்தான். முதல் பார்சலைப் பிரித்தாள் – கிறிஸ்துமஸ் பெட்டி.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் முழுக்கக் காட்டியிருக்கிறாள். எனக்கும் காட்டினாள். "நல்லா இருக்கு" என்றேன். பொறாமை என்று நாகரிகமாகச் சொல்வானேன்? பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த போன் சாம்பாரில் விழுந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் சுமதி என்னைக் கிச்சனுக்குக் கூப்பிட்டாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, எல்லாருக்கும் காட்னதுலேர்ந்து போன் ஹேங் ஆய்க்கினே கீது. பொட்டி பூடுமோன்னு பயமா கீது. கண்ணு பட்டுருச்சுக்கா. நீங்கதான் மூத்தவங்க, சுத்திப் போடுங்க."

"போனுக்கா?"

"பொட்டிக்கு."

உப்பையும் காய்ந்த மிளகாயையும் என் கையில் திணித்துவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போனைச் சுற்ற ஆரம்பித்தேன். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு..." உறவுக்கண்ணை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக் கடந்தேன். மற்ற கண்களையெல்லாம் சத்தமாகச் சொன்னேன்.

மிளகாயை அடுப்பில் போட்டேன். திருஷ்டி இல்லையென்றால் நெடி ஏறும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும். திருஷ்டி இருந்தால் நெடியே வராது. நம் வீடுகளில் இதுதானே டெஸ்ட்?

மிளகாய் கருகிச் சுருண்டது. நெடி... துளிகூட இல்லை.

"பாத்தீங்களாக்கா, யாரோ நல்லா கண்ணு வெச்சிருக்காங்க" என்று சொல்லி, சுமதி என் முகத்தையே பார்த்தாள்.

நான் இருமினேன். சத்தமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினேன்.