மேப்பில் மட்டும் இருந்த அம்மன்

எங்கள் வழக்கப்படி முதல் மொட்டை குலதெய்வத்தின் முன்னால்தான். அந்த அம்மன் எங்கே இருக்கிறாள் என்பதுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எண்ணூர் தாண்டி, காட்டுப்பள்ளி போகிற வழியில், ஏரிக்கரையில் என்று அப்பா உயிரோடு இருந்தபோது சொல்வார். மனுஷன் ஒருநாளும் போய்க் கும்பிட்டதில்லை, அது வேறு விஷயம். என் மகளுக்கோ இரண்டு வயது முடிந்து, தலை முழுக்க வேர்க்குருவும் பேனும். சித்திரை வெயிலில் பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதாள்.

அப்போது நான் ஒரு சர்வே கான்ட்ராக்டரிடம் அளவுச் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் கிடந்த பழைய மேப்பைப் பிரித்தால், நீலத்தில் ஏரி, கரையில் பனைமரங்கள், பக்கத்தில் குட்டியாக ஒரு கோயில் குறி! அடி சக்கை என்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வியாசர்பாடியிலிருந்து கிளம்பினோம். நான், மனைவி, மகள், தெருமுனை சலூன்காரர்.

போய் இறங்கினால், ரயில் பாதையும் ஆற்று வளைவும் மட்டும்தான் மேப்பில் இருந்தபடி இருந்தன. பனைமரங்களுக்குப் பதில் புகைபோக்கிகள். ஏரி முழுக்க மின்நிலையத்துச் சாம்பல்.

"இன்னா மாமு, சாமி எங்க?" என்றார் சலூன்காரர்.

அளந்து பார்த்தேன். கோயில் குறி விழுந்த இடத்தில் ஒரு கம்பெனி கேட், வாசலில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். என் மனைவி அசரவில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே கற்பூரம் ஏற்றி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ கத்திய எடுண்ணா" என்றாள்.

பாதி மொட்டையில் செக்யூரிட்டி ஓடி வந்தான். "யாரக் கேட்டு இங்க இதெல்லாம் பண்ணிகினு கீறீங்க? கம்பெனி எடம்!"

மனைவி மேப்பை நீட்டினாள். "இது எங்க ஆத்தா வூடு. உன் கம்பெனி இதுல எங்க கீது, காட்டு பாக்கலாம்."

பாவம், அவன் நிஜமாகவே தேடினான். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான். அதற்குள் மொட்டை முடிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாமியை வேறு இடத்துக்குக் கூட்டிப் போவதென்றால் அங்கிருந்து பிடிமண் எடுக்க வேண்டும். மனைவி குனிந்து தோண்டினாள். எவ்வளவு தோண்டியும் சாம்பல்தான் வந்தது. சரி போ என்று அதையே முந்தானையில் முடிந்துகொண்டாள். எங்கள் குடிசையை இடித்த அன்றுகூட அழாதவள், அங்கே மூக்கை உறிஞ்சினாள். பிறகு முந்தானை முடிச்சைப் பார்த்துப் பேசினாள்:

"எங்களுக்காச்சும் ஹவுசிங் போர்டுல ஒரு வூடு குடுத்தாங்க. உனக்கு ஒண்ணுமே தர்லியா ஆத்தா? வா, எங்ககூடவே வந்துரு. மூணாவது மாடி. தண்ணி மட்டும் கீழேந்து தூக்கணும்."