என் எண்கள் எல்லோர் கணினியிலும்

லினக்ஸ் கணினிகளில் ப்ரொசெசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் தணிக்கும் சிறிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் வேறு யாரோ. எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பொதியாகக் கட்டி, பொதுத் தளத்தில் ஏற்றிப் பராமரிப்பது நான். சம்பளம் கிடையாது. பகலில் டேனிஷ் ஊரான இக்காஸ்டில் ஒரு துணிக் கம்பனியின் கந்தோரில் வேலை. இது வீட்டுக்கு வந்த பிறகு. உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பவர்களும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை எனக்கு லீவு. காலை பத்தரைக்கு ரண்டர்ஸிலிருந்து அக்கா போன் எடுத்தாள்.

“எடியே, உன்ர கொம்பியூட்டர் செத்துப் போச்சு.”

அது அவளுடைய கொம்பியூட்டர்தான். ஆனால் அந்தப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, விசிறி கத்தாமலிருக்க என் பொதியையும் நிறுவிக் கொடுத்தவள் நான். ஓடினால் அவளுடையது, நின்றால் என்னுடையது.

“போட்ட உடன படம் வருது, பிறகு அப்பிடியே விறைச்சுப் போகுது. நாலு தரம் பாத்திட்டன். நீ சொன்ன மாதிரி காலமை அப்டேட் அமத்தினனான். பன்ரண்டு மணிக்குள்ள ஒப்கேவ அனுப்ப வேணுமடி! அது முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு.”

முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் உதவியாளராக நின்றவள், ஐம்பத்திரண்டு வயதில் அடுத்த தரத்துக்குப் படிக்கிறாள். ஒப்கேவ என்கிற அந்தக் கடைசி எழுத்து வேலை நேரத்துக்குப் போகாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். டேனிஷில் அந்தப் பத்துப் பக்கத்தை எழுத அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

முதல்நாள் மாலைதான் புதிய பதிப்பை ஏற்றியிருந்தேன். பொதியின் பக்கத்தைத் திறந்தால் ஏழு முறைப்பாடுகள். எல்லாம் ஒரே கதை: அப்டேட் செய்தோம், கணினி உறைகிறது. பொதி கட்டும் செய்முறைக் கோப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ‘மின்னழுத்த அளவுகள் உள்ள கோப்பு பாவிப்பவருடையது, அதன் மேல் எழுதாதே’ என்று அதில் ஒரு வரி இருக்கவேண்டும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்த வரியை எடுத்துவிட்டிருந்தேன். அது போதாதென்று, வெறும் மாதிரிக் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் என் சொந்தக் கணினியின் கோப்பைத் தூக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு ப்ரொசெசரும் தாங்கும் அளவு வேறு; என்னுடையது தாங்கும் எண்களை எல்லோர் தலையிலும் கட்டியாயிற்று. ஏற்றமுன் சோதித்துப் பார்த்தேன்தான், என் கணினியில்! என் எண்களுக்கு என் கணினி ஏன் உறையப்போகிறது? மடைச்சி.

“அக்கா, என்ர பிழை. எழுதினது ஒண்டும் அழியேல்லை. அழாமல் நான் சொல்லுற மாதிரிச் செய்.”

“ஆர் அழுறது? உன்னைப் பேசிறன்.”

காரில் பாய்ந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். போனிலேயே செய்வதென்று முடிவெடுத்தேன். கணினி எழும்பும்போது வரும் பட்டியலில் நிறுத்தி, அந்த மென்பொருளைத் தொடங்கவிடாத நீளச் சொல்லொன்றை அவள் தட்ட வேண்டும். நடுவில் ஒரு சமன் அடையாளம் வரும்.

“சமன் அமத்தினா அடைப்புக்குறி வருது!”

அந்தப் பட்டியலுக்கு டேனிஷ் விசைப்பலகை தெரியாது, அமெரிக்க வரிசைதான் தெரியும். என் விசைப்பலகையை மடியில் வைத்துத் தேடினேன்.

“அழிக்கிற கட்டைக்கு இடப்பக்கம் இருக்கிறதை அமத்து.”

“அதில சரிஞ்ச கோடெல்லோ கிடக்கு?”

“என்ன கிடந்தாலும் அமத்தக்கா!”

“குளறாதை. ஓம், வந்திட்டுது.”

முதல் தடவை ஒரு எழுத்து விடுபட்டு மறுபடியும் உறைந்தது. மணி பதினொன்று பத்து. இரண்டாம் தடவை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்துக் கேட்டேன். பொதியின் பக்கத்தில் இன்னொரு முறைப்பாடு வந்து விழுந்தது, நான் பார்க்கவில்லை.

“திறந்திட்டுதடி!” என்றாள் அக்கா. அழுதது நான்தான். பதினொன்று நாற்பதுக்கு ஒப்கேவ போய்ச் சேர்ந்தது.

“போதுமக்கா. இந்தப் பொதியை ஆரிட்டையாவது குடுத்திட்டு விடப்போறன்,” என்றேன்.

“எத்தினை பேர் இதைப் போட்டிருக்கினம்?”

“தெரியாது. கொஞ்சப் பேர்.”

“எனக்கு நீ போனில நிண்டாய். அவைக்கு ஆர் நிக்கிறது? வை போனை.”

அவளே வைத்துவிட்டாள்.

திருத்திய பதிப்பை ஏற்றப் பத்து நிமிடமும் ஆகவில்லை. ஆனால் உறைந்து நிற்கும் கணினிகளுக்கு அது போய்ச் சேராது. மத்தியானச் சமையலை விட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு, முதல் முறைப்பாட்டின் கீழ் எழுதினேன்: “பிழை என்னுடையது. நான் இங்கேதான் இருக்கிறேன். இப்போது உங்கள் திரையில் என்ன தெரிகிறது?”