கனெக்ஷனும் கருவாட்டுப் பெட்டியும்

டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் என் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், கனெக்ஷன் விமானத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் டிராவல்ஸ். திருவனந்தபுரத்தில் ஏறி, நடுவில் ஒரு பெரிய ஏர்போர்ட்டில் இறங்கி, பெட்டியும் பையுமாக அடுத்த விமானத்தைத் தேடி ஓடுகிற சனங்களுக்குப் போனில் வழி சொல்கிறவள் நான்தான். நீங்களும் அப்படி மூச்சு வாங்க ஓடியிருப்பீர்கள், அதனால் சொன்னால் புரியும். “ஒங்க ஆளுகளுக்கு கனெக்ஷன் எல்லாம் சரிப்படாது” என்று எனக்குப் புத்தி சொன்ன படித்த பெருமக்கள் ஏராளம். என் ஆட்களா முடியாதவர்கள்? அவர்கள் சார்பாகத்தான் இதை எழுதுகிறேன், முக்கியமாக ராணியக்காவுக்காக. மகளின் பேறுகாலத்துக்குப் போன அவர் நடுவில் விமானத்தை விட்டிருந்தால், பிள்ளை பிறந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருப்பார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பச்சை வலைக்கயிறு

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து நாலு பேர், ஒரே கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்பதால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். பெட்டி மாறிவிடக் கூடாதே என்று வீட்டுக்காரிகள் அட்டைப்பெட்டியைப் பச்சை வலைக்கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். உலகத்தில் வேறு யார் வலைக்கயிறு கட்டப் போகிறார்கள் என்று நாலு வீட்டிலும் நினைத்ததுதான் வினை.

பெல்ட்டில் நாலு பெட்டியும் அக்கா தங்கச்சி மாதிரி வரிசையாக வந்தன. அவிழ்த்துப் பார்க்கலாம் என்றால், கடற்கரைக்காரி போட்ட முடிச்சு கத்தி இல்லாமல் அவிழாது. அடுத்த கவுன்டரை மூடப்போகிற நேரத்தில் எனக்குப் போன். “பேரு எழுதலியாடே?” என்று கத்தினேன். அவர்களில் மூத்தவன் சாவகாசமாகச் சொன்னான்:

“எதுக்குக்கா பேரு? எல்லாத்துலயும் கைலியும் கருவாடும்தான் இருக்கு. ஆளுக்கொண்ணு தூக்கிட்டு ஓடுகோம், அங்க போயி பங்கு வச்சுக்கிடலாம்.”

எண்ணெய்ப் புட்டி

வடசேரி சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, மகனைப் பார்க்கப் போனார். இரண்டாவது விமானத்தின் கவுன்டரில் பெட்டி எடை கூடிவிட்டது. தேங்காய் எண்ணெய்ப் புட்டியை உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த சோதனையில் அதைப் பிடித்துவிட்டார்கள். குப்பைத் தொட்டியைக் காட்டினார்கள்.

அண்ணாச்சி மூடியைத் திறந்தார். தலை, கழுத்து, கை, முழங்கால் என்று நிதானமாகத் தேய்த்தார். புட்டி காலியானதும் அதை மட்டும் தொட்டியில் போட்டுவிட்டு, பளபளவென்று கடைசி ஆளாக விமானம் ஏறினார். ஊருக்கு வந்தபின், அத்தனை பேர் பார்க்க வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

“கொண்டு போவக் கூடாதுன்னான், சரி. தேய்க்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதிப் போடல்லியே? எம் மரத்துத் தேங்காயில ஆட்டுன எண்ணெய அவன் குப்பையில ஊத்துகதுக்கா சொமந்துட்டுப் போனேன்?”

கப்பலிலிருந்து வந்த போன்

ராணியக்கா தலையில் பாத்திரம் வைத்து ஊர் ஊராக மீன் விற்கிறவர். மகள் அயர்லாந்தில் நர்ஸ். மருமகனுக்குக் கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஆப்பரேஷன்தான் என்று சொல்லி டாக்டர் நாள் குறித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அங்கே கூட நிற்க வேறு நாதி இல்லை. நான் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன், பெட்டி தானாகவே விமானம் மாறிக்கொள்ளும். அக்கா விமானம் மாறினால் போதும்.

டிக்கெட் வாங்க அக்கா என் கடையில் உட்கார்ந்திருந்தபோது மருமகன் கப்பலிலிருந்து எனக்குக் கூப்பிட்டார். “அக்கா, டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஏர்போர்ட்ல நானே ரெண்டு தடவ பிளைட்ட விட்டவன். அவளுக்குத் தொணைக்கு அங்க கூலிக்கு ஆளு வச்சுக்கிடலாம்.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கே பயம்தான். அக்கா என் கையிலிருந்த போனை வாங்கினார்.

“மருமவனே, நீங்க விட்டீங்கன்னா நானும் விடணுமா? எம் மவ ஒத்தைக்குக் கெடந்து பெறுகதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். போன வைங்க, எனக்குக் கருவாடு கட்டணும்.”

வண்டி போவாது

முதல் விமானம் தாமதமாகத்தான் போய் இறங்கியது. கடையில் ஆட்கள் நிற்க, வீடியோவில் அக்கா கூப்பிட்டார். கனெக்ஷன் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் போனைத் திருப்பினார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னாள்: கேட்டை மூடப்போகிறார்கள், இனி முடியாது, ஓட்டல் தருகிறோம், நாளை மறுநாள் விமானம். ஆப்பரேஷனோ நாளைக் காலை. அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “எம் பெட்டி எங்கன்னு கேளு.” இந்த நேரத்தில் பெட்டியா என்று எரிச்சலோடு கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, பெட்டி விமானத்தில் ஏறிவிட்டது என்றாள்.

எங்கள் பக்கத்தில் மீன்காரிகள் பஸ் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மீன் பாத்திரத்தைக் கண்டாலே சில டிரைவர்கள் வண்டியை நகர்த்திவிடுவார்கள். அதனால் இவர்கள் முதலில் பாத்திரத்தைத்தான் படியில் ஏற்றுவார்கள், ஆள் பிறகு. பாத்திரத்தை இறக்க வேண்டுமென்றால் கண்டக்டர் அதில் கை வைக்க வேண்டும். மீன் தண்ணீரில் கை வைக்க எந்தக் கண்டக்டருக்கும் மனசு வராது, வண்டி நின்றுதான் ஆக வேண்டும். விமானத்திலும் ஆள் ஏறாவிட்டால், பாதுகாப்புக்காகப் பெட்டியைத் தேடி இறக்குவார்கள்; அக்கா போட்ட கணக்கு அதுதான். “இறக்குகிற நேரத்தில் இவர் வந்து உட்கார்ந்துவிடுவார், கேட்டில் கேட்டுப் பார் தாயே” என்று நான் கெஞ்சாமல் அதட்டியே சொன்னேன். அவள் போன் செய்தாள். வைத்ததும் எழுந்து நின்று, ஓடச் சொல்லிக் கையைக் காட்டினாள். “அக்கா, ஓடுங்க!” என்று இங்கிருந்து நானும் அலறினேன். ராணியக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகினார்.

“ஓடுகதா? பெட்டி உள்ள ஏறியாச்சுல்லா, பின்ன வண்டி எங்க போயிரும்? நடந்தே வாறேன்னு சொல்லு மக்கா.”

வராத பெட்டி

அக்கா போய் இறங்கிய இடத்தில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது, பெட்டி வரவில்லை. ஆள் வரமாட்டார் என்று முடிவு செய்து கேட்டில் இருந்தவர்கள் அதை முன்னாலேயே இறக்கிவிட்டார்களாம், கம்ப்யூட்டரில் மட்டும் அது மாறியிருக்கவில்லை. ஆக, தரையில் கிடந்த பெட்டியை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த அதட்டல் அதட்டியிருக்கிறோம். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மறுநாள் காலை ஆண்பிள்ளை பிறந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். பெட்டி அதற்கும் மறுநாள்தான் வந்தது.

ஏர்போர்ட்டுக்கு மகள் நிறைவயிற்றோடு தோழியின் காரில் வந்திருந்தாள். பேறுகால லேகியம், தாய்ப்பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடு, பிள்ளைக்குத் துணி எல்லாம் அந்தப் பெட்டியில்தான். அம்மா கைவீசி வந்ததைப் பார்த்து, ஒன்றுகூட வந்து சேரவில்லையே என்று அங்கேயே நின்று அழுதிருக்கிறாள். அக்கா அவள் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னதை, அந்தப் பெண்ணே பிறகு எனக்குச் சொன்னாள்:

“ஏட்டி, பேறு பாக்க வந்தது பெட்டியா, நானா?”

கனெக்ஷனை விட்டவர்கள் எல்லாரும் எனக்குப் போன் போட்டு ஏசுகிறார்கள், பிடித்தவர்கள் ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பதால், போன் அடிக்காத நாளெல்லாம் நாங்கள் ஜெயித்த நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் போடுகிறேன்.