ஞாயிற்றுக்கிழமைப் பூரி

ஓரிடத்தில் உட்காராத என் மகளுக்கு ஏடிஎச்டி என்று டாக்டர் மாத்திரை எழுதியதிலிருந்து பள்ளியில் எல்லாருக்கும் நிம்மதி. "இப்பதாங்க சொன்ன பேச்சு கேக்குறா" என்று டீச்சர் சிரிக்கிறார். மாத்திரை பசியைக் கொன்றுவிட்டது; டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறது. அதை டீச்சரா கழுவுகிறார்? இடுப்பு இளைக்க இளைக்கப் பாவாடைக் கொக்கியை நான்தான் மறுபடி மறுபடி தள்ளித் தைக்கிறேன். டாக்டரிடம் அழுதபோது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை வேண்டாம், அன்றைக்காவது சாப்பிடட்டும் என்றார்.

அந்த ஒரு நாளுக்காக வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு காலை பூரி சுட்டேன். கணவர் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, அப்போதுதான் படுத்திருந்தார். மகள் இரண்டு பூரியை ஆசையாகத் தின்றாள். உடனே எழுந்து ஓடினாள், குதித்தாள், எவர்சில்வர் தட்டைச் சுவரில் அடித்தாள். எங்கள் குவார்ட்டர்ஸில் சத்தம் எங்கே போகும்? அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

அவரைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள். ஃப்ரிட்ஜ் மேல் நான் வைத்திருந்த மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"பூரி போதும்மா. மாத்திரை குடுத்துடு. அப்பா தூங்கட்டும்."



"குடுக்காத. நான் தூங்கி முடிச்சிட்டேன்" என்றார் அவர். அவளை மடியில் இருத்தி, அடுத்த பூரியைப் பிட்டு ஊட்டினார்.

அவர் படுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றிரவும் சுரங்கத்தில் இறங்கி இயந்திரம் ஓட்ட வேண்டும்.